உறுப்பினர் சார்பாக

படிவம் நிரப்புவதில் எனக்குச் சலிப்பே வந்ததில்லை, இன்ஸ்பெக்டர் சார். நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் உதவியாளனாக இருந்தவன் வேறெப்படி இருப்பான்? உறுப்பினர்கள் கையேட்டில் ஐயாவின் பக்கத்தை முதல் தேர்தலிலிருந்தே நான்தான் எழுதினேன். 'ஆர்வங்கள்' என்று ஒரு கட்டம் உண்டு. ஐயாவுக்கு மதியத் தூக்கத்தில்தான் ஆர்வம். அதை அச்சில் போட முடியுமா? 'நடைப்பயிற்சி, புகைப்படக்கலை' என்று எழுதினேன். மறுவாரமே ஷூ வாங்கி நடக்க ஆரம்பித்துவிட்டார். தங்கமான மனிதர். அவையில் அவர் பேசிய பேச்சும் என்னுடையது, கேட்ட கேள்வியும் என்னுடையது.

போன ஆண்டு அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போயின. மனைவி இல்லை, ஒரே மகள் வெளிநாட்டில். அவளிடம் "லேசான மயக்கம்தாம்மா" என்று சொல்லிவைத்தேன். அவைக்கு விடுப்புக் கடிதம் போனது. கையெழுத்து பல வருடங்களாகவே என் கையில்தான். அறிக்கைகளும் வழக்கம்போல வந்தன. ஒருவரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பேச்சுப் பயிற்சி தர ஒரு பெண் வீட்டுக்கு வந்தார். கெட்டிக்காரி. ஆறாவது வாரம் ஐயா வாய் திறந்தார். "போ... தும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ராஜினாமா... எழுது" என்றார். அந்தப் பெண் கைதட்டினார். அவர் விலகினால் நான் யார்? ஐம்பத்தெட்டு வயதில் என் பெயரில் ஒரு கடிதம் எழுதக்கூட எனக்குத் தெரியாது.

மறுநாள், "ஐயாவை வெளியூர் ஆஸ்பத்திரில சேக்கறோம்மா, இனிமே வர வேணாம்" என்று அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டேன். ஐயா படுத்திருந்த மாடியறைக்குப் பூட்டு போட்டேன். பாலில் தூக்க மாத்திரை கலந்தேன். சாதாரண நாளில் ஒன்று, பேச முயன்றால் மூன்று. இப்படிப் பதினோரு மாதம். ஐயாவின் செல்போனிலிருந்து மகளுக்குத் தினமும் செய்தி அனுப்புவேன். அவரைவிடப் பாசமாகவே எழுதினேன். அவளோ ஞாயிறு தவறாமல் எனக்குப் போன் போடுவாள்.

"அப்பாகிட்ட ஒரு நிமிஷம் குடுங்க மாமா. குரலையாவது கேட்டுக்கறேன்."

"கமிட்டி மீட்டிங்ல இருக்காரும்மா."

கட்டிலிலிருந்து ஐயாவின் இடது கை போனை நோக்கி நீளும். அதைப் பிடித்து மெல்லப் போர்வைக்குள் வைப்பேன்.

நேற்று அவள் சொல்லாமல் வந்து பூட்டை உடைக்கவைத்தாள். நான் மனுஷனே இல்லை என்கிறாள். சின்னப் பெண், ஏதோ கோபம். ஐயாவுக்கு என்மேல் வருத்தமே கிடையாது, சார். இருந்திருந்தால் இந்தப் பதினோரு மாதத்தில் ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்க மாட்டாரா?