முன் கிரில்லுக்குப் பின்னால்

இந்த ரெக்கார்டரின் ஒயர் தரை வரைக்கும் தொங்குகிறது மேடம். யாராவது காலில் மாட்டி இழுத்துவிடுவார்கள். மேசைக் காலோடு சேர்த்து ஒரு கட்டுப் போட்டால் போதும், ஒரு நிமிஷ வேலை. வேண்டாமா? சரி, வேண்டாம். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்கிறேன். உட்கார்ந்து பார்க்கிறேன் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது சும்மா இருந்து பழகாத கை.

கோழி வெட்டிப் பொட்டலம் கட்டும் ஆலையில் நான் மின்பராமரிப்பு வேலை பார்த்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே தினமும் வேலை முடிந்ததும் எல்லா இயந்திரத்தையும் தண்ணீர் பீச்சிக் கழுவுவார்கள். ஓர் ஒயர் வாய் திறந்திருந்தால் மறுநாள் யாராவது செத்திருப்பார்கள். என் ஒயரால் ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை. ஆலையை மூடிவிட்டு எங்களை வீட்டுக்கு அனுப்பிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. வீட்டில் இருந்த விளக்கு, கொட்டகை மோட்டார், பக்கத்து வீட்டுக்காரனின் அழைப்புமணி என்று எல்லாவற்றையும் பிரித்து மாட்டினேன். என் மனைவி நடீன் சொல்வாள், "உன்னைக் குழியில இறக்கினாலும், பக்கத்துப் பெட்டிக்காரன் ஒழுங்கா படுத்திருக்கானான்னு எந்திரிச்சுப் பாப்பே." சொல்லிவிட்டுச் சிரிப்பாள். சிரிப்புக்குப் பின்னால் கொஞ்சம் எரிச்சலும் இருந்தது, அதையும் மறைக்க மாட்டாள்.

நடீன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். பேருந்தில் ஏறிவிட்டால் முட்டைக் கூடையைத் தலையில் வைத்திருப்பவள் மாதிரி ஓட்டுவாள். ஆனால் வீட்டிலிருந்து பேருந்து நிற்கும் இடத்துக்குத் தன் காரில் போகும்போது அவள் வேறு ஆள். இரண்டாவது காபி குடிக்காமல் கிளம்ப மாட்டாள், கிளம்பிய பிறகு காபிக்குச் செலவான நேரத்தைச் சாலையில் பிடித்துவிடப் பார்ப்பாள். எங்கள் பழைய ஆலைச் சாலை உங்களுக்குத் தெரியும். ஒரே ஒரு வளைவு, அந்த வளைவில் எல்வுட் கைசரின் வீடு, சாலையோரத்தில் அவருடைய தபால் பெட்டி.

எல்வுட்டைப் பற்றி நான் தவறாக ஒன்றும் சொல்லப் போவதில்லை. மாடுகளை விற்ற பிறகு அவருக்குப் பொழுதுபோக்கே அந்தச் சாலைதான். யார் வேகமாகப் போகிறார்கள், யார் தபால் பெட்டியை இடித்தார்கள், எந்தப் பூனை செத்தது என்று பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் ஷெரீஃப் அலுவலகத்துக்குப் போய்ப் புகார் சொன்னார். அதன் பிறகு ஷெரீஃப்பின் ஆட்கள் அவ்வப்போது வந்து அவர் தொழுவத்துக்குப் பின்னால் வண்டியை ஒளித்து நிறுத்தி, வேகத்தை அளக்கும் ரேடாரைப் பிடித்தார்கள். முதல் வாரத்திலேயே நடீன் மாட்டிக்கொண்டாள். நீதிபதி எச்சரித்து விட்டுவிட்டார். இன்னொரு முறை வந்தால் பேருந்து ஓட்டும் உரிமம் போய்விடும் என்றார். உரிமம் போனால் வேலை போகும், வேலை போனால் மருத்துவக் காப்பீடு போகும். எனக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தது அந்தக் காப்பீட்டில்தான், தினமும் முழுங்குகிற மாத்திரையும் அதில்தான். அதனால் இது பொழுதுபோகாமல் செய்த காரியம் என்று மட்டும் வாக்குமூலத்தில் எழுதிவிடாதீர்கள்.

தேவாலயத்தில் எல்லோரும் சாப்பாடு கொண்டுவந்து கூடிச் சாப்பிடும் ஞாயிற்றுக்கிழமை அது. நடீன் தட்டில் பன்றித்தொடைக் கறியை வைத்துக்கொண்டிருந்தாள். எல்வுட் பக்கத்தில் வந்து, "உன் பஸ்ல போற பிள்ளைங்க குடுத்து வெச்சவங்கம்மா. என் பூனைங்கதான் பாவம் பண்ணிருக்கு" என்றார். மேசையே சிரித்தது. நடீனும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை, அது எனக்கு நினைவிருக்கிறது. நம் பிழைப்பில் கை வைத்தவன் நம் மேசையிலேயே வந்து நின்று வேடிக்கை பேசுகிறானே என்று வயிறு எரிந்தது.

மறுநாள் மலையைத் தாண்டி மேற்கு வர்ஜீனியாவுக்குப் போய் ஒரு ரேடார் டிடெக்டர் வாங்கினேன். போலீஸ் ரேடார் எங்காவது பக்கத்தில் இருந்தால் மோப்பம் பிடித்து முன்கூட்டியே கூவும் சாமான். நம் வர்ஜீனியாவில் சட்டப்படி அது கூடாது. கூடாது என்பதால்தான் அதைச் சரியாகப் பொருத்த வேண்டியிருந்தது. மற்றவர்கள் அதை முன் கண்ணாடியில் ஒட்டி, சிகரெட் லைட்டரிலிருந்து ஒயரைத் தொங்கவிடுவார்கள். அப்படிப்பட்ட வண்டியைப் பார்த்தால் எனக்குத் தூக்கம் வராது. நான் கருவியை நடீனின் காரில், இன்ஜினுக்குக் காற்றுப் போகும் முன் கிரில்லுக்குப் பின்னால் வைத்தேன். கார் கம்பெனி போட்ட ஒயர்கள் உள்ளே நுழையும் ரப்பர் வளையம் வழியாகவே என் ஒயரையும் நுழைத்து, கம்பெனி சுற்றுகிற அதே துணி டேப்பைச் சுற்றினேன். ஃபியூஸ் பெட்டியிலிருந்து மின்சாரம். வேகம் காட்டும் முள்ளுக்குக் கீழே ஒரு சின்ன விளக்கு, டாஷ்போர்டுக்குள் ஒரு சின்ன ஒலிபெருக்கி. காதும் காதும் வைத்த மாதிரி முடிந்தது. ஆயில் மாற்றுகிற கடையில் பானெட்டைத் திறந்து பார்த்தவன்கூட ஒன்றும் கேட்கவில்லை.

நடீன் பயந்தாள். "இது தப்பில்லையா, கார்லண்ட்?" என்று கேட்டாள். இது உன்னை மெதுவாகப் போகச் சொல்லும் சாமான்தானே, இதில் என்ன தப்பு என்றேன். இன்றைக்கும் அந்த வாதத்தில் ஓட்டை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். மாட்டிக்கொண்ட பிறகு கொஞ்ச நாள், தொழுவத்துக்குப் பின்னால் ஆள் இருக்கிறானா இல்லையா என்று தெரியாததால், அந்த வளைவில் நடீன் தினமும் வேகத்தைக் குறைத்தாள். கருவி வந்த பிறகு அது கூவினால் குறைத்தாள், கூவாவிட்டால் குறைக்கவில்லை. கருவிக்கு ரேடார்தான் தெரியும், மனிதன் தெரியாது. இதை நீங்கள் யோசிக்கவில்லையா என்று கேட்பீர்கள். யோசித்தேன். ஒருநாள் நான் பக்கத்து இருக்கையில் இருந்தேன். கருவி மௌனமாக இருந்தது, வண்டி வளைவில் பறந்தது, எல்வுட் தபால் பெட்டியை விட்டுவிட்டு ஓரத்துப் பள்ளத்தில் குதித்தார். கையிலிருந்த செய்தித்தாளை எங்களைப் பார்த்து ஆட்டினார். நடீன் ஐயோ என்றாள். எனக்கு உள்ளே இதமாக இருந்தது. அன்றைக்கே கருவியைக் கழற்றியிருக்கலாம், நான் கழற்றவில்லை.

தண்ணீர் கொஞ்சம் கிடைக்குமா? நான் எழுந்து நடக்கலாமா? நின்றால் எனக்குப் பேச்சு வரும்.

அன்று காலை மூடுபனி. நடீன் கிளம்பிய சற்று நேரத்தில் போன் வந்தது. "எல்வுட்டை இடிச்சுட்டேன், கார்லண்ட். பேசுறாரு, உசுரோட இருக்காரு. ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போறேன்."

"நீ கூப்பிடாதே, நான் கூப்பிட்டுக்கறேன்" என்றேன். "நீ போய் வளைவுக்கு முன்னாடி நில்லு. பனியில பின்னால வர்ற வண்டி வந்து மோதிடப் போவுது." நியாயமான பேச்சுதானே. அவள் நம்பினாள், இன்றைக்கும் நம்புகிறாள். நான் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன் என்று அவள் உங்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னது பொய் இல்லை, அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நான் ஸ்பானர், ஸ்க்ரூடிரைவர் இருக்கும் பையை எடுத்துக்கொண்டு என் பிக்கப் வண்டியில் போனேன்.

கிரில் உடைந்திருந்தது. பல் விழுந்த வாயில் நாக்கு தெரிவது போல என் கருவி வெளியே தெரிந்தது. முதலில் வரும் போலீஸ்காரன் கண்ணில் முதலில் படுவது அதுவாகத்தான் இருக்கும். எல்வுட் முன் சக்கரத்தை ஒட்டிப் புல்லில் கிடந்தார். ஒரு கால் போகக்கூடாத பக்கம் போயிருந்தது.

"யாரு, கார்லண்டா?" என்றார்.

ஆமாம் என்றேன். ஆம்புலன்ஸ் வருகிறதா என்று கேட்டார். வருகிறது என்றேன்.

கிரில்லின் இரண்டு போல்ட்டுகளை எட்ட அவரைத் தாண்டி நிற்க வேண்டியிருந்தது. அவர்மேல் கால் படாமல்தான் நின்றேன். என்ன கழற்றுகிறாய் என்று கேட்டார். "பேட்டரி. தீப்பிடிச்சிடக் கூடாதுல்ல" என்றேன். "நல்லவேளை நீ வந்தேப்பா" என்றார். அவர் அப்படிச் சொன்னபோது எனக்குக் கண் கலங்கியது. கையைக் கொஞ்சம் பிடித்துக்கொள் என்றார். இரண்டு கையும் வேலையாக இருக்கிறது, இதோ முடிந்தது என்று தணிவாகத்தான் சொன்னேன். அவரிடம் ஒரு கடுஞ்சொல் நான் பேசவில்லை.

பிறகு கதவைத் திறந்து போட்டபடி உள்ளே போய் டாஷ்போர்டுக்கு அடியில் படுத்தேன். அங்கே இருட்டு. போனில் விளக்கைப் போட்டுப் பல்லில் கடித்துக்கொண்டேன். ஒயரை வெட்டி இழுக்க எனக்கு மனசு வராது, வந்த வழியே திரும்ப எடுத்தேன். பழைய ஃபியூஸைப் பழைய இடத்தில் வைத்தேன். வெளியிலிருந்து எல்வுட் ஏதேதோ கேட்டுக்கொண்டே இருந்தார். வாயில் போன் இருந்ததால் ம், ம் என்று பதில் சொன்னேன்.

உங்கள் ஆட்கள் இரண்டு தடவை அந்தக் காரைச் சோதித்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை, இல்லையா? கிடைக்காது. ஓர் ஒட்டுப் பசைகூட அங்கே இருக்காது. நான் இன்றைக்குச் சொல்லாவிட்டால் அந்தக் காரில் அப்படி ஒன்று இருந்ததே ஒருவருக்கும் தெரிந்திருக்காது. நல்ல ஒயரைத் தூக்கிப் போட முடியாமல் சுருட்டிக் கட்டி என் கொட்டகைக் கொக்கியில் மாட்டியிருக்கிறேன், கருவியும் அங்கேதான் இருக்கிறது. போய் எடுத்துக்கொள்ளுங்கள்.

கையில் கருவியோடு வெளியே வந்தேன். எல்வுட் தலையைத் திருப்பிப் பார்த்தார். பார்த்தவுடனே அவருக்குப் புரிந்துவிட்டது, சாலையையே பார்த்துக்கொண்டு வாழ்ந்தவர் அல்லவா. முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது, இருந்தும் கோபப்படவில்லை.

"நீ இன்னும் கூப்பிடலதானே?" என்றார்.

"கூப்பிட்டாச்சு."

"போன் உன் வாயிலதானப்பா இருந்துச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அதைப் பத்தி நான் வாயே தெறக்க மாட்டேன். சத்தியம். அவளுக்கு வேலை வேணும், எனக்குத் தெரியும். நீ அவங்களைக் கூப்பிடு."

அவர் சொன்னதை நான் நம்பினேனா என்று கேட்கிறீர்கள். எல்வுட் கைசர் வாழ்நாளில் பொய் சொன்னவர் இல்லை. ஆனால் குணமாகி வந்து தேவாலயச் சாப்பாட்டு மேசையில் எங்களைப் பார்க்கும் ஒவ்வொரு ஞாயிறும் அவருக்குத் தெரிந்திருக்கும், எனக்கும் தெரிந்திருக்கும். வேடிக்கை பேசாமல் அவர் பெருந்தன்மையாக இருப்பதை நான் பார்த்துக்கொண்டே சாப்பிட வேண்டும். அதை நினைத்தபோது என் கை மறுபடி பரபரத்தது.

நடீன் வளைவிலிருந்து குரல் கொடுத்தாள், வருகிறார்களா என்று. வருகிறார்கள் என்று நானும் குரல் கொடுத்தேன்.

டாஷ்போர்டின் அடிப்பலகையைப் பிடித்திருக்கும் ஒரு கிளிப் சரியாக உட்காரவில்லை என்று எனக்குத் தோன்றியது. பலகை லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தால் யாராவது பார்த்துவிடுவார்கள். அதனால் திரும்ப உள்ளே போனேன். எல்வுட் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு ஒரு தடவை வேறு யார் பேரையோ கூப்பிட்டார், செத்துப்போன அவர் மனைவியின் பேர் என்று நினைக்கிறேன். பிறகு கூப்பிடவில்லை. அதற்கு அப்புறம்தான் நான் வெளியே வந்து ஆம்புலன்ஸுக்கு போன் செய்தேன். உங்களிடம் இருக்கிற போன் பதிவில் நடீன் என்னைக் கூப்பிட்டதற்கும் நான் அவர்களைக் கூப்பிட்டதற்கும் நடுவே கிடக்கிற நேரம் இதுதான். ஒவ்வொரு காரியமாக வரிசையாகத்தான் செய்தேன், நடுவில் ஒரு நொடிகூட நான் சும்மா நிற்கவில்லை.

என்ன கேட்டீர்கள்? அந்தக் கிளிப்பா?

இல்லை மேடம். அது முதல் தடவையே சரியாகத்தான் உட்கார்ந்திருந்தது.