வாலில் கட்டிய சிவப்பு நாடா

குதிரைக்குப் பின்பக்கமாகப் போகிறவர் பேசிக்கொண்டே போக வேண்டும். என்ன பேசுகிறோம் என்பது முக்கியமில்லை. விலைவாசியைத் திட்டினாலும் சரி. தனக்கு நேர் பின்னால் இருப்பது குதிரையின் கண்ணுக்குத் தெரியாது. குரல் கேட்டால் யாரோ வருகிறார் என்று இருந்துவிடும். கேட்காவிட்டால் முதலில் உதைக்கும், பிறகுதான் யாரென்று பார்க்கும்.

சவாரிப் போட்டி மைதானத்தில் பதினோரு வருடமாகப் பாதுகாப்பு அதிகாரி நான். தலைக்கவசத்தின் வார் இறுகியிருக்கிறதா, சேணப் பட்டி தளர்ந்திருக்கிறதா, ஆம்புலன்ஸ் வரும் வழியில் எவனாவது காரை நிறுத்தியிருக்கிறானா, எல்லாம் என் பாடு. உதைக்கிற குதிரையின் வாலில் சிவப்பு நாடா கட்டுவதும் நான்தான். அதைப் பார்த்தால் யாரும் பின்னால் போகமாட்டார்கள். இன்ஸ்பெக்டர் சார், மேசைமேல் நீங்கள் வைத்திருப்பது அப்படி ஒரு நாடாதான்.

இத்தனை வருடத்தில் ஒருவருக்கும் ஒரு விரல்கூட முறியவில்லை. அதுதான் வினை.

"ஒண்ணுமே நடக்கலையே சார். அடுத்த சீசன்ல இருந்து இதுக்குன்னு தனியா ஒரு ஆள் எதுக்கு?" என்றார் செயலாளர். திங்கட்கிழமை குழு கூடி முடிவு செய்யுமாம்.

என் அப்பா பூட்டு வியாபாரி. தெருவில் ஒரு வீட்டில் திருட்டுப் போனால் மாலைக்குள் கடை அலமாரி காலியாகிவிடும். ஆறு மாதம் திருட்டே இல்லையென்றால், வருகிறவர்கள் பூட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பாதி விலைக்குக் கேட்பார்கள். அப்பா யாரையும் திருடச் சொன்னதில்லை. ஆனால் திருட்டு என்று காதில் விழுந்தால் கடையை அரைமணி முன்னதாகத் திறப்பார்.

ஒரு கால் முறிந்தால் போதும் என்று கணக்குப் போட்டேன். இரண்டு மாதம் மாவுக்கட்டு. யாருடைய கால் என்பதுதான் கேள்வி. முன்பின் தெரியாதவரைப் படுக்க வைப்பது நியாயமில்லை. நம்ம ஆள் என்றால் பொறுத்துக்கொள்வார். என் மனைவியின் அண்ணன்தான் அங்கே அறிவிப்பாளர். ஒலிபெருக்கியில் என்னை வைத்துத்தான் சிரிப்பு மூட்டுவார்.

"மாப்பிள்ளை வர்றாரு, எல்லாரும் மெதுவா மூச்சு விடுங்க. வேகமா விட்டா நோட்டுல எழுதிடுவாரு."

மைதானமே சிரிக்கும். நானும் சிரிப்பேன். கோபமெல்லாம் இல்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பரிசளிப்பு. குதிரைகள் வரிசையாக நின்றன. கடைசியில் நின்ற பெண்குதிரையை நாங்கள் சீமாட்டி என்போம்; பின்னால் சருகு அசைந்தாலும் உதைக்கும். சேணப் பட்டியைப் பார்ப்பதுபோலப் போய் நாடாவை அவிழ்த்துப் பையில் வைத்துக்கொண்டேன். மேலே உட்கார்ந்திருந்த பெண் முன்னால் நின்ற புகைப்படக்காரரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மச்சான் பரிசுப் பட்டியலோடு வரிசைக்குப் பின்பக்கமாக வந்தார். ஒவ்வொரு வாலாகப் பார்த்துக்கொண்டே வந்தார். என்னதான் கேலி செய்தாலும் நாடாவை நம்புவார்.

தொடையில் படும் என்றுதான் நினைத்தேன். கையிலிருந்த தாள் ஒன்று நழுவியது, குனிந்தார், மார்பில் பட்டுவிட்டது. ஆம்புலன்ஸ் நான்கு நிமிடத்தில் வந்தது. வழியைக் காலையிலேயே காலி செய்து வைத்திருந்தேன். அவருக்கு மூன்று நிமிடம்தான் இருந்தது.

திங்கட்கிழமை குழு கூடியது. எழுந்து நின்று மௌனம் காத்தார்கள். பிறகு உட்கார்ந்து என் வேலையை நீட்டித்தார்கள்.

"நாடா அவுந்து விழுந்திருக்கும், சரி," என்றாள் என் மனைவி, அழுது ஓய்ந்த பிறகு. "அண்ணன் தூக்கத்துலகூடப் பேசுற ஆளுங்க. குதிரை பக்கத்துல போகும்போது மட்டும் ஏன் வாயே தொறக்கல?"

அவள் கேட்டதை நீங்கள் இன்னும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். அவர் பேசிக்கொண்டேதான் வந்தார். முந்தின குதிரையைத் தாண்டும்போது ஏதோ பாட்டுகூட முணுமுணுத்தார். சீமாட்டியின் தலைப்பக்கம் நின்றிருந்த என்னைப் பார்த்து "மாப்பிள்ளை" என்று ஆரம்பித்தார். நான் உதட்டின்மேல் விரலை வைத்தேன்.

உடனே நிறுத்திவிட்டார். கேலி இல்லை, மறுபேச்சு இல்லை. பதினோரு வருடத்தில் அவர் என் சொல்லைக் கேட்டது அந்த ஒரு முறைதான்.