ஏழு குழாய்கள் சிவந்தன

மத்தியானம் பன்னிரண்டரை மணி. முக்கூடலைத் தாண்டி வயற்காட்டுக்குள் போகிற தார்ச்சாலை. ஆள் அரவமே இல்லை...

“வெயில்ல பேய் வருமா, பெரியம்மா?”

“ராத்திரியில பதுங்கி வர அவ என்ன களவாணியா? பேசாம கேளு, விஜயஸ்ரீ.”

என் சிநேகிதி மகள் பிருந்தாவுக்கு நடந்தது. அந்தச் சாலைக் கடைசியில் ஒரு தனியார் ஆராய்ச்சிக்கூடம். அங்கே அவளுக்கு வேலை. சில மாத்திரைகளைத் தின்றுவிட்டு வெயிலில் போனால் தோல் வெந்துவிடும். அதைப் பச்சிலைச் சாறு தடுக்குமா என்று பார்த்தார்கள். கண்ணாடிக் குழாயில் ஆட்டு ரத்தம், மாத்திரை மருந்து, இலைச்சாறு. மேலே புற ஊதா விளக்கு. சாறு காப்பாற்றினால் ரத்தம் அடியில் தங்கும், மேலே நீர் தெளிந்து நிற்கும். இல்லையென்றால் நீர் முழுக்கச் சிவந்துவிடும்.

பத்தில் ஏழு சிவந்தன. கூடத்தின் தலைவர் வேதநாயகம், பிருந்தா எழுதிவைத்த நோட்டில் அந்த ஏழு வரிகளையும் கோடு போட்டு அடித்தார். சாற்றைக் களிம்பாக விற்கிற அவசரம்.

அங்கே குழாய் கழுவுகிறவள் ஹமீது பீவி. காலில் புண். ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கொடுத்ததும் அதே மாத்திரை.

“சார், வெயில்ல வந்தா மூஞ்சி காந்துது.”

“நம்ம சாறைத் தேய்ச்சுக்கிட்டு வாங்கம்மா. ஒண்ணும் செய்யாது.”

பிருந்தா பக்கத்தில்தான் நின்றாள். வாய் திறக்கவில்லை. அவளையும் நான் மன்னிக்கவில்லை.

பீவி நம்பினாள். தினமும் இரண்டு மைல், உச்சி வெயிலில். நாலாம் நாள் முகம் சுட்ட கத்திரிக்காய்... கொப்புளம், சீழ். பன்னிரண்டாம் நாள் மவுத்து.

“ஒழுங்காத் தேய்ச்சிருக்க மாட்டா. நாளைக்கு வந்து கையெழுத்துப் போடு, பிருந்தா. பத்துக்குப் பத்தும் தெளிஞ்சதுன்னு.”

கேட்டாயா, வேதநாயகத்தின் வாயை!

மறுநாள் கையெழுத்துப் போடத்தான் போனாள். சாலையில் பின்னால் ரப்பர் செருப்புச் சத்தம். சளக்... சளக்... பச்சிலை வாடை. அதற்கடியில் கருகின தோல் வாடை. திரும்பினால் யாருமில்லை.

“ஏ புள்ள... எத்தன செவந்துச்சு?”

 பிருந்தா வெறும் சாலையைப் பார்த்துச் சொன்னாள், “ஏழு... ஏழு, பீவிம்மா.”

செருப்புச் சத்தம் நின்றது. பிறகு அவளைத் தாண்டி முன்னால் போயிற்று. வேகமாக.

இவள் ஓடிப்போய்ப் பார்த்தால், கறுப்புத் துணி போட்ட விளக்கறைக்குள் வேதநாயகம். முகத்தைக் கையால் பொத்தியிருந்தார். விரலிடுக்கெல்லாம் கொப்புளம்.

“வெளக்க அணை, பிருந்தா... அணைம்மா...”

விளக்கு எரியவில்லை. அதன் வயர் பிடுங்கப்பட்டுத் தரையில் கிடந்தது.

“அவரும் அந்த மாத்திரை தின்னாரா, பெரியம்மா?”

“அவரா? தலைவலிக்குக்கூட மாத்திரை தொடமாட்டாரு.”

மேசையில் மடித்த வெள்ளைத்துணி. அதன்மேல் ஏழு குழாய்கள், கழுவி, பீவி கவிழ்க்கிற மாதிரியே வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் நோட்டு, திறந்தபடி. தாள் ஈரம். அடித்த கோடுகள் ஏழும் கழுவிப் போயிருந்தன. அடியில் பிருந்தாவின் எழுத்து ஒன்றுகூடக் கலையவில்லை.