வெள்ளை இல்லாத அறை

உங்கள் மேசைக்கு நேர் மேலே இருக்கும் விளக்கைக் கொஞ்சம் சுவர்ப்பக்கம் தள்ளி வைத்தால் நல்லது, சார். இப்போது உங்கள் கண்குழியில் நிழல் விழுகிறது. எதிரே உட்காருபவருக்கு நீங்கள் கோபமாக இருப்பதுபோலத் தெரியும். ஒருவேளை அதற்காகவே அங்கே வைத்திருக்கிறீர்களோ என்னவோ. பார்த்ததும் வாயில் வந்துவிட்டது, மன்னியுங்கள்.

எனக்கு ஆட்களிடம் பேச வராது. கல்லூரியில் இயற்பியல் படித்த மூன்று வருஷமும் கடைசி வரிசைதான். விளக்கு வேலை பிடித்ததற்குக் காரணமே அதுதான். வாயைத் திறக்காமல் நூறு பேரிடம் பேசலாம். மெதுவாகச் சாப்பிடுங்கள், குரலைத் தாழ்த்துங்கள், எதிரில் இருப்பவரைப் பாருங்கள் என்று சொல்லலாம். சொன்னது யார் என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. நான் விளக்குகளைக் கவனித்துக்கொண்ட அந்த ஓட்டலின் சாப்பாட்டுக் கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. உச்சி வெயில் நேரத்திலும் உள்ளே நான் வைத்ததுதான் பொழுது.

இந்த வேலையில் முக்கியமான விதி ஒன்றுதான். எதை மாற்றினாலும் மெதுவாக மாற்ற வேண்டும். சட்டென்று குறைத்தால் எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். அரை மணி நேரம் எடுத்துக் குறைத்தால், பாதி வெளிச்சம் போனபிறகும் யாருக்கும் தெரியாது.

கூடத்துக்குப் பொறுப்பாக இருந்தவரை எல்லோரும் கேப்டன் என்று கூப்பிடுவோம். வாசலுக்குள்ளே ஒரு சிறிய மேசைக்குப் பின்னால் நின்று, வருபவர்களை அழைத்து உட்கார வைப்பார். நாற்பத்தொன்பது வயது. அங்கே என்னிடம் வலியவந்து பேசியவர் அவர் ஒருவர்தான். “லைட்டம்மா வந்தாச்சு. இனிமே சூப்புல ஈ கிடந்தாலும் அழகாத்தான் தெரியும்” என்பார். நான் சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வேன்.

கூடத்தின் நடுவில் மூன்று படிகள் இருந்தன. படிக்கும் தரைக்கும் ஒரே கருநீலக் கம்பளம். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் மெல்லிய விளக்குக் கோடு ஒன்று. எனக்கு அந்தக் கோடுகள் பிடிக்கவே இல்லை. நன்றாக வரைந்த படத்தின் குறுக்கே யாரோ அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல இருக்கும். வெளிச்சத்தை நூறு சதவீதத்திலிருந்து முப்பதுக்கும், முப்பதிலிருந்து பத்துக்கும் இறக்கினேன்.

“லைட்டம்மா, படி கண்ணுக்கே தெரியல. நானே ரெண்டு தடவை தடுமாறிட்டேன்” என்றார் கேப்டன்.

“சரிங்க சார், பாக்குறேன்.”

பார்த்தேன். பத்துகூட அதிகமாகத்தான் பட்டது. மறுநாள் அணைத்துவிட்டேன்.

அதற்கடுத்த வாரம், மகளோடு மதியச் சாப்பாட்டுக்கு வந்த ஒரு பெண்மணி அந்தப் படிகளில் விழுந்தார். தலை மேசையின் காலில் பட்டது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். விழுந்த அன்று எல்லோரும் அவரைச் சுற்றி நின்றபோது, நான் சுவரோரம் இருந்த சுவிட்சுப் பலகைக்குப் போய்ப் படி விளக்குகளை நூறுக்கு ஏற்றினேன். என் வேலைக் காலத்திலேயே அது ஒன்றைத்தான் சட்டென்று செய்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தவர் கேப்டன் ஒருவர்தான்.

அவருக்கென்று ஒரு சின்ன அறை உண்டு. அலமாரி மாதிரி இருக்கும். ஒரு கண்ணாடி, ஒரு நாற்காலி, மேலே ஒரு விளக்கு. அந்தப் பெண்மணி இறந்த மறுநாள் என்னை அங்கே கூப்பிட்டார்.

“நீயே போய்ச் சொல்லிடும்மா. நான் சொன்னா கோள் மூட்டின மாதிரி ஆயிடும். அந்தம்மா செத்ததுக்கான விசாரணைக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கு. அதுவரைக்கும் நான் வாயைத் திறக்கல.”

“சொல்லிடறேன் சார்.”

“பயப்படாத. நீ சொல்றப்ப பக்கத்துல நான் நிக்கறேன்.”

அவர் நல்லவர், சார். அதனால்தான் எனக்கு அவ்வளவு பயம். பொல்லாதவராக இருந்தால் கெஞ்சலாம், மிரட்டலாம், எதையாவது கொடுத்துச் சமாளிக்கலாம். நல்லவரை என்ன செய்ய முடியும்? அவர் காலடிச் சத்தம் கேட்டாலே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வேன். வேலை போகும், ஜெயிலுக்குப் போவேன். அங்கே முன்பின் தெரியாதவர்களோடு ஒரே அறையில் இருந்து, தினமும் அவர்களோடு பேச வேண்டியிருக்கும்.

அவருக்கும் ஒரு பயம் உண்டு. சிரித்துக்கொண்டேதான் சொல்வார். “எங்கப்பா அம்பதைத் தாண்டல. ஈரல் போயிடுச்சு. ஆறு மாசம் மஞ்சளா கிடந்தார்.” தினமும் வேலை தொடங்குமுன் கண்ணாடி முன்னால் நின்று, கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார். “இன்னிக்கும் வெள்ளை. பொழைச்சேன்” என்பார்.

விசாரணை சமயத்தில் அவர் சில நாள் விடுப்பில் போனால் போதும் என்றுதான் நினைத்தேன். வேறொன்றும் நினைக்கவில்லை.

விளக்கின் மேல் ஒட்டும் வண்ணத்தாள்கள் என்னிடம் நிறைய இருந்தன. பச்சை கலந்த மஞ்சளில் மிக மெல்லியது ஒன்று உண்டு. சிவப்பை எடுத்துவிட்டால் எவ்வளவு நல்ல முகத்திலும் ரத்தம் இருப்பது தெரியாது. அந்த அறை விளக்கில் ஒரு தாள் ஒட்டினேன். வாரத்துக்கு ஒன்றாக மொத்தம் ஐந்து. கூடத்தில் அவர் நிற்கும் இடத்தில், நெற்றியிலிருந்து மார்புவரை மட்டும் விழும் விளக்கிலும் அதேபோல. ஆனால் பக்கத்தில் வெள்ளையாக ஏதாவது இருந்தால் கண் கண்டுபிடித்துவிடும். எதையும் வெள்ளையை வைத்துத்தான் கண் அளக்கும். அவர் சீருடை கறுப்பு, அதனால் தொந்தரவில்லை. அறையின் வெள்ளைத் துண்டை எடுத்துவிட்டுப் பழுப்புத் துண்டு வைத்தேன். சுவரில் இருந்த நாள்காட்டியைக் கழற்றினேன்.

மூன்றாவது வாரம் பரிமாறுகிறவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். “என்ன கேப்டன், ஒரு மாதிரி இருக்கீங்க?” வாடிக்கையாகச் சாப்பிட வருகிறவர்களும் கேட்டார்கள். கேட்கக் கேட்க அவர் சாப்பாட்டைக் குறைத்தார். எண்ணெய் வேண்டாம் என்றார், பிறகு கஞ்சி மட்டும் என்றார். இடுப்பு வாரில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டுக்கொண்டார். சிரிப்பதை எப்போது நிறுத்தினார் என்று எனக்கு நினைவில்லை. அதுவும் மெதுவாகத்தான் நடந்தது.

“டாக்டர்கிட்ட போங்க சார்” என்று நானும் சொன்னேன். போக மாட்டார் என்று தெரிந்துதான் சொன்னேன்.

“போனா ஆமான்னு சொல்லிடுவான். அப்பறம் என்ன இருக்கு?” என்றார். “வீட்டுல கேட்டா நல்லாத்தானே இருக்கீங்கங்கறா. எனக்காகப் பொய் சொல்றா, பாவம். வீட்டுக் கண்ணாடியிலயும் அவ்வளவா தெரியல. அது ரசம் போன கண்ணாடி. இங்க உள்ள வெளிச்சம் நீ போட்டது. அது பொய் சொல்லாது.”

விசாரணையன்று அவர் விடுப்பில் இருந்தார். படி விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விசாரணைக் கோப்பை மூடிவிட்டார்கள்.

அன்றைக்கே தாள்களை எடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எடுத்திருக்கலாம். ஆனால் ஐந்தையும் ஒரேயடியாக எடுத்தால் ஒரே நாளில் முகம் தெளிந்துவிடும். அவர் தலையைத் தூக்கி விளக்கைப் பார்ப்பார். அப்படிப் பார்க்கிறவர் அவர், எனக்குத் தெரியும். அதனால் வாரத்துக்கு ஒன்றாக எடுக்கலாம் என்று திட்டம் போட்டேன். முதல் தாளுக்குத் திங்கட்கிழமை குறித்திருந்தேன். அவர் விடுப்பு முடிந்து வந்த சனிக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்து மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில், மொட்டை மாடிக்குப் போய்விட்டார். சட்டைப் பையில் இருந்த கடிதத்தை நீங்கள் படித்திருப்பீர்கள். அப்பா மாதிரி வீட்டாரை வதைக்க மனமில்லை என்று எழுதியிருந்தாராம்.

அவர் மனைவி பத்து நாள் கழித்து, அறையில் இருந்த சாமான்களை எடுத்துப் போக வந்தார். என்னைத்தான் துணைக்கு அனுப்பினார்கள். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வரவில்லை. பயத்தில், தாளை எடுக்க அந்தப் பத்து நாளும் நான் அந்த அறைப்பக்கமே போகவில்லை.

அந்த அக்கா கையில் பிரேதப் பரிசோதனை அறிக்கை இருந்தது. அப்போதுதான் வாங்கிக்கொண்டு நேராக வந்திருந்தார். “ஈரல் நல்லா இருந்துச்சாம்மா. ஒரு குறையும் இல்லையாம். அவர் எதைப் பார்த்துப் பயந்தார்னே தெரியல” என்றார். பேசிக்கொண்டே கண்ணாடியைப் பார்த்தார். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். கேப்டனைப் போலவே கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்.

பிறகு கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். அது மஞ்சளாக இருந்தது.

கதவுக்கு வெளியே நீட்டினார். வெள்ளை. உள்ளே இழுத்தார். மஞ்சள். மறுபடியும் நீட்டினார். மூன்றாவது தடவை காகிதத்தை உள்ளே இழுத்தபிறகு, மெல்லத் தலையைத் தூக்கி விளக்கைப் பார்த்தார். அப்புறம் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

ஆமாம் சார், படி விளக்கை அணைத்தது நான். தாள்களை ஒட்டியதும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அக்கா உங்களிடம் சொன்னதில் ஒன்று மட்டும் சரியில்லை. அந்தக் கண்ணாடியில் என் முகம் பிணம் மாதிரி இருந்தது என்றாராம். நானும் பக்கத்திலேயேதான் நின்றேன், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நான் மட்டும் அதில் நன்றாகத்தான் இருந்தேன்.