நாலு மடிப்பு பாப்ளின்

என் வண்டியை வேப்பமரத்தடியில் விட்டிருக்கிறீர்கள், ஐயா. நிழல் நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் மேலே காக்கைக் கூடு இருக்கிறது. எச்சம் ரெண்டு நாள் காய்ந்தால் பெயிண்ட்டைத் தின்றுவிடும். முடிந்தால் சுவரோரமாகத் தள்ளி விடச் சொல்லுங்கள். கதவில் கை வைக்க வேண்டாம், பின்னாலிருந்து தள்ளினால் போதும்.

நான் வந்தது அதற்காக இல்லை. உங்கள் ஸ்டேஷனில் எழுதிய அறிக்கையில் ஒரு வரி தப்பு. நேற்று என் மனைவி சரோஜாதேவிக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. வந்தவர்களை எல்லாம் அனுப்பிவிட்டு, ஏட்டு பொன்ராஜ் கொடுத்திருந்த நகலை எடுத்துப் படித்தேன். ‘புதுக் காரின் இடப்பக்கப் பின்கதவு சரியாகப் பொருந்தாமல் இருந்த காரணத்தால் தானாகத் திறந்துகொண்டு, அம்மாள் சாலையில் விழுந்து இறந்தார், விபத்து’ என்று எழுதியிருக்கிறது. கதவு பொருந்தவில்லை என்பது சுத்தப் பொய். அதுபோலப் பொருந்திய கதவு மெட்ராஸ் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. அந்த வரியை அடித்துவிட வேண்டும். அதற்கு என்னென்ன சொல்ல வேண்டுமோ எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஏட்டையா நிதானமாக எழுதிக்கொள்ளட்டும்.

என் பெயர் மாணிக்கவாசகம். பாண்டி பஜாரில் ஜவுளிக்கடை. சொந்த ஊர் திருச்செந்தூர் பக்கம். எங்கள் தொழிலில் கண்தான் முதல். ஒரு சேலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க நான் முழுசாகப் பிரிக்க மாட்டேன். ரெண்டாக மடித்து, கரையோடு கரை வைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பேன். கரை சேர்ந்தால் சேலை சரி. ஒரு நூல் விலகினாலும் உள்ளே எங்கேயோ தறி தடுமாறியிருக்கிறது என்று அர்த்தம், திருப்பி அனுப்பிவிடுவேன். என்னைத் திட்டாத நெசவாளி காஞ்சிபுரத்தில் கிடையாது. ஆனால் என் கடையில் வாங்கிய சேலையைத் திருப்பிக் கொண்டுவந்தவரும் கிடையாது. இருபத்தாறு வருஷமாக இப்படித்தான் பார்க்கிறேன், ஒருதரம்கூடப் பிசகியதில்லை.

கார் பதிந்து வைத்துவிட்டு ஏழு வருஷம் காத்திருந்தேன். இந்த எழுபத்துநாலு மாசியில்தான் கைக்கு வந்தது. நேராக மயிலாப்பூருக்குக் கொண்டுபோய்க் கோயில் வாசலில் பூஜை போட்டோம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். எல்லோரும் பழம் நசுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் இடப்பக்கப் பின்கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவுக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவில் ஒரு இடுக்கு இருக்குமே, அது மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி இருந்தது. பக்கவாட்டில் ஓடும் கோடு, முன்கதவில் வந்தது பின்கதவில் சேராமல் ரெண்டு நூல் இறங்கிப் போயிற்று. கடைக்கு வந்ததும் பாப்ளின் துணியை மடித்து இடுக்கில் நுழைத்துப் பார்த்தேன். மேலே நாலு மடிப்பு பிடித்தது. கீழே ஒன்பது மடிப்பு தாராளமாகப் போய் வந்தது. நாலு எங்கே, ஒன்பது எங்கே, நீங்களே சொல்லுங்கள்.

வண்டி விற்ற இடத்தில் போய்க் கேட்டேன். “புது வண்டின்னா அப்படி இப்படித்தான் சார் இருக்கும். ஓட ஓட செட் ஆயிடும்” என்றார் அங்கே இருந்தவர். துணி விற்கிற நான், உடுத்த உடுத்தக் கரை சேர்ந்துவிடும் என்று ஒரு வாடிக்கையாளரிடம் சொன்னால் சும்மா விடுவார்களா? ஆனால் நான் சத்தம் போடவில்லை. சத்தம் போடுவது என் பழக்கம் இல்லை, கடையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம்தான் மந்தைவெளியில் டிங்கர் வேலை பார்க்கும் பீர் முஹம்மதுவிடம் போனேன். நல்ல மனுஷன், கை சுத்தம். கீலைக் கழற்றினார், தகடு கொடுத்தார், கதவைத் தூக்கினார், இறக்கினார். மூன்று நாள் நான் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் சாயந்தரம் மேலே நாலு மடிப்பு, கீழே நாலு மடிப்பு. கோடு முன்பக்க விளக்கிலிருந்து பின்பக்க விளக்கு வரைக்கும் ஒரே ஓட்டமாக ஓடியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சொல்லக் கூச்சமில்லை.

அவர்தான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். “சார், கோடு வந்துட்ச்சி. ஆனா பூட்டு நாக்கு பாதிதான் உள்ள போவுது. தூண்ல வெல்டிங்கே கோணலா கீது, நகத்த எடமில்ல. அடிச்சி சாத்துனா புடிச்சிக்கும். மெதுவா சாத்துனா சும்மா தொங்கிகினு இருக்கும், எப்ப வேணா தொறந்துக்கும்.”

“அடிச்சுச் சாத்தினா கோடு நிக்குமா?” என்று கேட்டேன்.

“பத்து தபா சாத்துனா கலைஞ்சிடும் சார். ரெண்டுல ஒண்ணுதான். இன்னா பண்ணட்டும்?”

கரை சேர்ந்தபிறகும் உள்ளே பிசகு இருக்கும் என்று யாராவது சொல்லி அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்டேன். எனக்கு மனசு ஒப்பவில்லை. இருக்கட்டும், மெதுவாகவே சாத்திக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

காரை நானே ஓட்டுவேன், டிரைவர் வைக்கவில்லை. எங்கள் ஊர்ப்பக்கக் குடும்பங்களில் பெண்கள் முன்சீட்டில் உட்கார மாட்டார்கள். சரோஜா பின்னால் இடப்பக்கம் உட்காருவாள். கதவோரமாகச் சாய்ந்தால்தான் அவளுக்குக் காற்று வாங்கின மாதிரி இருக்கும். ஆக, அந்தக் கதவு அவள் கதவு. மெதுவாகச் சாத்து என்று முதல் நாளே சொன்னேன். பத்து நாள் மெதுவாகச் சாத்தினாள். பதினோராம் நாள் லஸ் முனையில் கதவு திறந்துகொண்டு அவள் கைப்பை ரோட்டில் விழுந்தது. முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு தப்பித்தாள். முதலில் சிரித்தாள். வீட்டுக்கு வந்து காப்பி போடும்போதுதான், விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டாள்.

அன்றிலிருந்து அடித்துச் சாத்த ஆரம்பித்தாள். ஒவ்வொரு தடவையும் எனக்கு நெஞ்சில் அடித்த மாதிரி இருக்கும். இறங்கியதும் பாப்ளினை எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பேன். கீழே ஐந்து மடிப்பு. ஒரு வாரம் கழித்து ஆறு. திரும்ப பீர் முஹம்மது, திரும்ப நாலு. திரும்ப இவள் அடித்துச் சாத்துவாள். அப்புறம் கதவோரமே வேண்டாம் என்று நடுசீட்டுக்கு நகர்ந்துவிட்டாள்.

“என்னங்க, உங்களுக்கு நான் முக்கியமா, அந்தக் கோடு முக்கியமா?” என்று ஒருநாள் கேட்டாள். சோறு போட்டுக்கொண்டே சிரித்தபடிதான் கேட்டாள். ரசம் கொண்டா என்றேன். சண்டையெல்லாம் ஒன்றுமில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் நாங்கள் சண்டை போட்டதே கிடையாது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதை வைத்து எதையாவது சேர்த்து எழுதிவிடாதீர்கள், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை கீலுக்கு எண்ணெய் விட பீர் முஹம்மதுவிடம் போனேன். “அம்மா நேத்து ரிக்‌ஷால வந்திருந்தாங்க சார். திங்கக்கெழம ஆள் வெச்சி வண்டிய அனுப்புறேன், பூட்டு புடிக்கிற மாதிரி கதவ பழையபடி ஆக்கிடுன்னு சொல்ட்டு போனாங்க. உங்க கைல சொல்ல வேணாம்னாங்க. எனக்குத்தான் மனசு கேக்கல” என்றார். வெள்ளந்தியான மனுஷன், நல்லதுக்கென்றுதான் சொன்னார். அவரை இதில் இழுக்க வேண்டாம்.

திங்கட்கிழமை நான் கொள்முதலுக்குக் காஞ்சிபுரம் போவது வழக்கம், பஸ்ஸில்தான் போவேன். அதைக் கணக்குப் பண்ணித்தான் அவள் ஏற்பாடு செய்திருக்கிறாள். மேலே நாலு, கீழே ஒன்பது. சனிக்கிழமை முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அடையாறு காந்தி நகரில் அவள் அக்கா சூடாமணி வீட்டில் மத்தியானச் சாப்பாடு. அக்காவுக்கென்று காலையிலேயே மார்க்கெட்டுக்குப் போய் ஒரு பலாப்பழம் வாங்கி வந்தேன். பெரிய பழம். அதைத் தூக்கி நடுசீட்டில் வைத்தேன். எனக்குப் பின்னால் வலப்பக்கம் ஒரு ஜவுளி மூட்டையை வைத்தேன். ஏட்டையா, இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். டிக்கி காலியாக இருந்தது.

சரோஜா வந்து பார்த்துவிட்டு, “பழத்துக்கு ராஜ மரியாதைதான்” என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே கதவோரமாக உட்கார்ந்தாள். அடித்துச் சாத்தக் கையை ஓங்கினாள். இரு, நான் சாத்துகிறேன் என்று சொல்லிச் சுற்றி வந்து, ரெண்டு கையாலும் மெதுவாகச் சாத்தினேன். நாக்கு பாதி உள்ளே போனது, சத்தத்திலேயே எனக்குத் தெரியும். கல்யாணம் ஆன நாள் முதல் நான் அவளுக்கு ஒரு கதவைச் சாத்தியதில்லை. “இன்னைக்கு என்ன புதுசா இருக்கு?” என்றாள். முகமெல்லாம் சந்தோஷம். கதவில் சாய்ந்துகொண்டாள்.

வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். மந்தைவெளி தாண்டும்போது பீர் முஹம்மது பட்டறைப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். திங்கட்கிழமை விஷயத்தை என்னிடம் சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் யோசித்திருப்பேனோ என்னவோ. பாலம் ஏறினோம், இறங்கினோம். காந்தி நகருக்கு வலப்பக்கம் திரும்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, ரோடு வெறிச்சென்று இருந்தது. நிதானமாகத் திரும்ப வேண்டிய இடத்தில் நான் வேகத்தைக் குறைக்கவில்லை. கூட்டினேன். வேண்டுமென்றேதான் கூட்டினேன். உருண்ட பலாப்பழமும் அவள் பக்கமே சாய்ந்தது.

அந்தத் திருப்பத்தில் ரோட்டோரம் கூடையோடு உட்கார்ந்திருந்த மீன்காரி குப்பம்மா சொன்னதாக ஏட்டையா என்னிடம் ஒன்று கேட்டார். “பொம்பள ரோட்ல கெடக்குது, இந்த ஆளு கதவ மூடி துணிய மடிச்சி சொருவி பாத்துகினு கீறான்.” அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. துக்கத்தில் புத்தி கலங்கிவிட்டது என்று நீங்களே பெரிய மனசு பண்ணி விட்டுவிட்டீர்கள். குப்பம்மா சொன்னது சரி. அவள் கண் நல்ல கண். பார்த்தேன். மேலே நாலு, கீழே நாலு. அவ்வளவு வேகத்தில் திறந்தும் ஒரு நூல் அசையவில்லை. அப்புறம்தான் சரோஜாவிடம் போனேன். அதற்குள் முடிந்துவிட்டது.

அழுதேன், ஐயா. பதினாறு நாளும் அழுதேன், நடிக்கவில்லை. அவளைப்போல ஒரு மனுஷி கிடைக்க மாட்டாள். அவளிடம் எனக்கு ஒரு குறையும் கிடையாது. கோபமும் கிடையாது. அதை நன்றாக எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் விபத்து என்று எழுதி மூடிவிட்டீர்கள். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் நாளைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம், எனக்குத் தெரியாதா? ஆனால் அந்த வரி காலாகாலத்துக்கும் காகிதத்தில் நிற்கும். அதை விட்டுவிட்டு என்னால் தூங்க முடியாது. கதவு தானாகத் திறக்கவில்லை, நான் திறக்க வைத்தேன். சரோஜாவைக் கொன்றது நான். கதவின் மேல் ஒரு குற்றமும் கிடையாது.

இதோ, அதே பாப்ளின் துண்டு. நாலாக மடித்தே வைத்திருக்கிறேன். ஏட்டையாவைப் போய் மேலே ஒரு தரம், கீழே ஒரு தரம் நுழைத்துப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். பார்த்தபிறகு அந்த வரியை என் கண் எதிரே அடியுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். கதவைத் திறந்து பார்ப்பதானால் பார்க்கட்டும், தடையில்லை. சாத்தும்போது மட்டும் மெதுவாகச் சாத்தச் சொல்லுங்கள்.