மூன்றாம் வகுப்பு அறையைத் திறந்தது பற்றி எல்லம்மா சொன்னது

பெயர் எல்லம்மா. கணவர் பெயர் அய்யாவு. வயது 34. தொழில் வீட்டிலேயே துணி இஸ்திரி போடுவது. முகவரி காக்ஸ் டவுன், ஆறாவது குறுக்குத் தெரு, எண் 14/2. 23.08.2003 காலை காவல் நிலையத்திற்கு நானாக வந்து தமிழில் சொன்னது:

என் மகள் சௌம்யா எங்கள் பகுதித் தமிழ்வழித் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அந்தப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் குழுவில் நான் ஓர் உறுப்பினர். ஆட்டோ ஓட்டும் டென்சில் என்பவர் தலைவர். தலைமை ஆசிரியை கேத்தரின் செயலாளர்.

04.07.2003 அன்று நடந்த கூட்டத்தில் மூன்றாம் வகுப்பு அறையின் பின்சுவர் விரிசல் விட்டிருப்பதை நான்தான் சொன்னேன். விரிசலுக்குள் என் கை போகும். சுவரைக் கட்டி முடிக்கும்வரை அறையைப் பூட்டி வைப்பது என்று தீர்மானம் எழுதினோம். அதன் பிறகு பிள்ளைகள் வராந்தாவில் உட்கார்ந்து படித்தார்கள்.

17.08.2003 ஞாயிறு மாலை டென்சில் தீர்மானப் புத்தகத்துடன் என் வீட்டிற்கு வந்தார். "நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன் வர்றாங்கம்மா. ரூம் பத்தலன்னு தெரிஞ்சா இந்தத் தமிழ் ஸ்கூலையே மூடிடுவாங்க. சும்மா ஒரு சைன் போடுங்க, ஒரே நாள்தானே" என்றார். சுவர் சரி செய்யப்பட்டுவிட்டது, அறையைத் திறக்கலாம் என்று அதில் எழுதியிருந்தது. நான் படித்துப் பார்த்தேன். அது பொய் என்று எனக்குத் தெரியும். பள்ளியை மூடினால் சௌம்யாவை எங்கே சேர்ப்பது என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன். எனக்கு முன்பே மூன்று பெற்றோர் போட்டிருந்தார்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தோரணம் கட்டுவதற்காக நானும் பள்ளிக்குப் போனேன். அப்போது தலைமை ஆசிரியை பூட்டைத் திறந்து, பிள்ளைகளை உள்ளே உட்கார வைக்குமாறு வகுப்பு ஆசிரியை அம்புஜத்திடம் சொன்னார். அம்புஜம் டீச்சர், "வேணாம் மேடம், ரெண்டு நாளா மழை. சுவர் ஊறிக் கெடக்குது" என்றார். அதற்குத் தலைமை ஆசிரியை, "கமிட்டியே சைன் பண்ணியிருக்கு. இதோ எல்லம்மா நிக்கிறாங்க, கேட்டுக்குங்க" என்றார். டீச்சர் என்னைப் பார்த்தார். நான் தோரணத்து நூலைப் பிரித்துக்கொண்டு நின்றேன்.

அதன் பிறகு டீச்சர் பிள்ளைகளை உள்ளே அழைத்துப் போய், பின்சுவரை விட்டுத் தள்ளி, வாசல் பக்கமாக நெருக்கி உட்கார வைத்தார். சுமார் பதினொன்றே கால் மணிக்கு, "பை வேணாம், எல்லாரும் வெளியே ஓடுங்க" என்று அவர் கத்துவது கேட்டது. பிள்ளைகள் ஓடி வந்தார்கள். சௌம்யாவும் வந்தாள். ஷோபா என்ற பெண் மட்டும் பயத்தில் எழுந்திருக்காமல் இருந்ததால் டீச்சர் திரும்பிப் போய் அவளைத் தூக்கினார். அவர் கதவருகே வரும்போது சுவர் விழுந்தது. ஷோபாவுக்குக் கை முறிந்தது. டீச்சரின் வலது கால் கல்லுக்கடியில் சிக்கியது. நாங்கள் நான்கு பேர் சேர்ந்து கற்களைத் தூக்கினோம். அந்தக் காலை முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டி வந்ததாக மருத்துவமனையில் சொன்னார்கள்.

21.08.2003 அன்று அவசரக் கூட்டம் போட்டார்கள். குழுவைக் கேட்காமல் அம்புஜம் டீச்சர் தாமாகவே அறையைத் திறந்தார் என்று புதிய தீர்மானம் எழுதியிருந்தது. நாங்கள் ஞாயிறன்று கையெழுத்துப் போட்ட பக்கம் புத்தகத்தில் இல்லை. இந்தப் புதிய தீர்மானத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. நேற்று மாலை டென்சில் என் வீட்டிற்கு வந்து, "அந்தப் பக்கம் இல்லன்னா உங்களுக்கும் நல்லதுதாம்மா. நீங்க வாயைத் தொறந்தா நீங்களும்தான் கோர்ட்டுக்கு நடக்கணும்" என்றார். "நடக்கறேன் அண்ணா. நடக்க எனக்குக் காலு இருக்குது" என்றேன்.

சுவர் விழும் என்று தெரிந்தே அறையைத் திறக்கச் சம்மதித்தவர்களில் நானும் ஒருத்தி. அம்புஜம் டீச்சர் வேண்டாம் என்றுதான் சொன்னார். இதை இன்று காலை என் மகளிடம் சொல்லிவிட்டுத்தான் இங்கே வந்தேன்.

மேலே எழுதியிருப்பதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் நடந்தது. யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

(கையொப்பம்)
அ. எல்லம்மா