மெட்டி இல்லாத படம்

கால் படம் எடுக்க வரும் பெண்களிடம் மெட்டியைக் கழற்றச் சொன்னால் எங்கள் பக்கத்தில் யாரும் கழற்ற மாட்டார்கள், ஐயா. புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது எதுக்குக் கழற்றணும் என்று என்னையே திருப்பிக் கேட்பார்கள். பதினாறு வருஷமாகச் சொல்லிச் சொல்லி, கடைசியில் நான் சொல்வதையே விட்டுவிட்டேன். அதனால் படம் ஒன்றும் கெட்டுப்போகாது. இரண்டாம் விரலில் பளிச்சென்று ஒரு வெள்ளை வளையம் விழும், அவ்வளவுதான். நீங்கள் கேட்டதற்கு இங்கிருந்து ஆரம்பித்தால்தான் சரியாக வரும்.

பென்னாகரத்தில் ஒரு சின்ன ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பவன் நான். எலும்பு டாக்டர் புதன்கிழமை மட்டும் சேலத்திலிருந்து வருவார். மத்தியானத்துக்குள் ஐம்பது பேரைப் பார்க்க வேண்டும். ஆகவே கை காலை ரொம்பத் தொட்டுக்கொண்டிருக்க மாட்டார், படத்தைத்தான் பார்ப்பார். அதுவும் நவநீதன் எடுத்த படம் என்றால் இன்னொன்று எடுக்கச் சொல்ல மாட்டார். அந்தப் பெயரை நான் சும்மா வாங்கவில்லை.

சுகுணாவுக்கும் எனக்கும் கல்யாணமாகிப் பதினோரு வருஷம். குழந்தை இல்லை. நல்ல மனைவி, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பரீட்சை மேல் பரீட்சையாக எழுதி, இந்த ஜூனில் அவளுக்கு ஆசிரியர் வேலை உத்தரவு வந்தது. சித்தேரி மலையில் பள்ளிக்கூடம். பஸ்ஸை நம்பித் தினம் போய்வர முடியாது, அங்கேயே அறை எடுத்துத் தங்க வேண்டும். “சனிக்கிழமை சனிக்கிழமை வந்துடுவேங்க,” என்றாள். வந்திருப்பாள், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வாரத்துக்கு ஒரு தடவை என்பது பதினைந்து நாளாகும், அப்புறம் மாதமாகும். பெட்டிக்குத் துணிகளை மடித்துக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். என் வீட்டில் அவள் பாடி நான் கேட்டதே இல்லை. எனக்குப் பயமாக இருந்தது.

வேலையில் சேர ஐந்து நாள் இருக்கும்போது மாடிப்படியில் கால் பிரண்டு விழுந்தாள். நான் தள்ளவில்லை. இதை நீங்கள் மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். அவளாகத்தான் விழுந்தாள்.

படம் எடுத்தேன். எலும்பில் ஒன்றுமில்லை, வெறும் சுளுக்கு. பத்து நாளில் சரியாகியிருக்கும். கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் வத்தல்மலை மல்லையனின் ஞாபகம் வந்தது.

மல்லையன் போன வருஷம் சாமை மூட்டையோடு சறுக்கி விழுந்தவர். பாதத்தின் வெளிப்பக்கம், சுண்டுவிரலுக்குப் பின்னால் இருக்கிற நீள எலும்பு முறிந்திருந்தது. அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் குறைவு, லேசில் கூடாது. காலை ஊன்றாதே என்றால் அவர் கேட்கவும் மாட்டார், கட்டோடு கொல்லைக்குக் களை எடுக்கப் போய்விடுவார். முதல் நாள், ஆறாவது வாரம், மூன்றாவது மாதம் என்று அவருக்கு மூன்று தடவை படம் எடுத்தேன். மூன்றிலும் எலும்பு கூடவில்லை. அவரும் சின்ன ஆள், பாதமும் சின்னது. அதே இடது கால். பெயரையும் தேதியையும் மாற்றுவதற்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

டாக்டர் படத்தைப் பார்த்தார், வீங்கிய காலை ஒரு தடவை அமுக்கினார், அவள் துடித்தாள். முழங்கால் வரை மாவுக்கட்டு போட்டார்கள். வேலையில் சேர அவகாசம் கேட்டு நானே மனு எழுதிக் கொடுத்தேன். செப்டம்பர் இருபத்தைந்து கடைசி நாள், அதற்கு மேல் இல்லை என்று பதில் வந்தது.

அந்த மூன்று மாதம் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். ஜன்னல் ஓரத்தில் கட்டிலைப் போட்டுக் கொடுத்தேன். குளிக்கத் தூக்கிக்கொண்டு போவேன், தலை துவட்டுவேன், சோறு போட்டு வைத்துவிட்டு வேலைக்குப் போவேன். ஊன்றுகோல் வாங்கவில்லை. வாங்கினால் நடக்கத் தோன்றும். நாய்த் தொல்லை என்பதால் கதவை வெளியே பூட்டிக்கொண்டு போனேன். போகிற பஸ்ஸை எல்லாம் சத்தத்தை வைத்தே இன்ன பஸ் என்று சொல்லுவாள். நல்ல பொழுதுபோக்குத்தான்.

ஆறாவது வாரம் கட்டைப் பிரித்தபோது, வலியே இல்லை, நடக்கவா என்று கேட்டாள். டாக்டர் மல்லையனின் இரண்டாவது படத்தைக் காட்டி, வலி இல்லாவிட்டாலும் எலும்பு கூடவில்லையே அம்மா என்றார். மறுபடி கட்டு. அன்று திரும்பும்போது ஆட்டோவில் அழுதாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அவளைவிட எனக்குக் கஷ்டம் அதிகம், ஐயா. மல்லையனின் படம் இன்னும் ஒன்றுதான் பாக்கி இருந்தது. அதற்கப்புறம் எதைக் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவளாவது கட்டிலில் படுத்திருந்தாள். நான் வேலைக்குப் போய்வந்துகொண்டே மாட்டிக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் பதினேழாம் தேதி மூன்றாவது படம். மேலும் ஆறு வாரம் பார்ப்போம், ஆபரேஷன்கூடத் தேவைப்படலாம் என்றார் டாக்டர். கட்டை மாற்றிக்கொண்டு வந்தோம். மறுநாள் காலை நான் அடுப்படியில் காபி போட்டுக்கொண்டிருந்தேன். அவள் படத்தை உறையிலிருந்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறாள். அதுவரை படம் என் பையிலேயே இருக்கும். அன்றைக்குக் கட்டில் பக்கத்து மேஜையில் வைத்துவிட்டேன்.

“ஏங்க, இது யாரு காலுங்க?” என்றாள்.

உன் கால்தான் என்றேன்.

“என் மெட்டி எங்கீங்க?”

கல்யாணத்தன்று நான் போட்ட மெட்டி. பதினோரு வருஷமாகக் கழற்றாதது. இனிக் கழற்ற நினைத்தாலும் வராது. மெட்டி படத்தில் விழாது என்று சொல்லிப் பார்த்தேன். அவள் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்தவள். என்னைத் திட்டவில்லை. போனை எடுத்து, பொம்மிடியிலிருக்கும் அண்ணன் மாதவராஜைப் பத்து மணிக்குக் காரோடு வரச் சொன்னாள். தர்மபுரியில் வேறு படம் எடுக்கணும் என்று மட்டும் சொன்னாள். அப்போது மணி எட்டே கால்.

கம்ப்யூட்டரில் பெயர் மாறிப்போயிருக்கும், மனுஷனுக்குத் தப்பு வராதா என்றேன். நம்பினாளோ இல்லையோ, கட்டை வெட்டித் தருகிறேன் என்றதும் காலை நீட்டினாள். மூன்று மாதம் அதற்குள் கிடந்தவள் அல்லவா. மாவை ஈரமாக்கி, சென்டரிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த கத்திரியால் மெதுவாக வெட்டினேன். கால் சூம்பிப்போயிருந்தது, தோல் செதில் செதிலாக உரிந்தது. வெந்நீரில் கழுவி, விரல் இடுக்கு வரைக்கும் துடைத்தேன். தரையில் ஊன்றிப் பார்த்தாள். வலிக்கவில்லை என்று சிரித்தாள். ரொம்ப நாள் கழித்து அவள் சிரித்ததைப் பார்த்தேன்.

கொஞ்சம் எண்ணெய் தடவிவிடுகிறேன் என்று உட்காரவைத்தேன். பாதத்தை வாசற்படி மேல், வெளிப்பக்கம் மேலே தெரியும்படி சாய்த்து வைத்தேன். படத்துக்கு வைப்பது மாதிரிதான். எந்த இடம் என்பது எனக்கு மனப்பாடம். அசையாதே என்றேன். அதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்வேன். அம்மிக் குழவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரே தடவைதான். அவளும் ஒரு தடவைதான் கத்தினாள். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

மாதவராஜ் வந்தார். தர்மபுரி எதற்கு, நம் சென்டர் பக்கம்தானே என்று அங்கேயே கூட்டிப்போனேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு தெளிவாக ஒரு படம் எடுத்ததில்லை. அவள் பெயர், அன்றைய தேதி, இரண்டாம் விரலில் மெட்டி, அதே இடத்தில் முறிவு. அதை அவர் கையில் கொடுத்து, பாருங்கள், நான் பொய் சொல்லவில்லை என்றேன். சுகுணா படத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, “இன்னிக்குக் காலையிலதாண்ணா முறிஞ்சுது,” என்றாள்.

அவள் சொன்னது உண்மைதான். முறிவின் ஓரம் கூராக இருந்தது. பழைய முறிவு அப்படி இருக்காது. பதினாறு வருஷம் படம் எடுத்தவனுக்கு அது தெரியாமல் போகுமா. தெரியும். ஆனாலும் படத்தில் இருந்தது காலிலும் இருந்தது. எல்லாம் நான்தான் செய்தேன், எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

அந்தக் கவரில் இருப்பது அவளுடைய மெட்டிதானே. இரண்டாக வெட்டியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் அவளாகத்தான் வெட்டச் சொன்னாள் என்கிறீர்கள். வீக்கத்துக்காகச் சொல்லியிருப்பாள், ஐயா. ஆறு வாரத்தில் வீக்கம் வடிந்துவிடும், அதற்குள் ஆசாரியிடம் கொடுத்து ஒட்டி வைக்கிறேன்.